மூன்று தந்தி, ஒரு பெட்டி: வீட்டிலேயே ஒரு கிட்டார்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் கிட்டார் கேட்கிறாள். ஆர்வம் எத்தனை மாதம் நீடிக்கும் என்று தெரியாமல் ஆயிரக்கணக்கில் செலவழிக்க மனம் வரவில்லை. வீட்டில் ரம்பமும் டிரில்லிங் மெஷினும் இருக்கின்றன. அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பொம்மை வேண்டாம். பாட்டு வாசிக்கக்கூடிய ஒரு தந்தி வாத்தியத்தை ஐந்நூறு ரூபாய்க்குள் செய்துவிட முடியுமா?

முடியும். ஆனால் ஆறு தந்தி கிட்டாரைச் செய்ய முயலாதீர்கள். சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரின் ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து மரத்தை 70 கிலோவுக்கும் மேல் இழுக்கின்றன. அந்த இழுவைத் தாங்க உள்ளே குறுக்குச் சட்டங்கள், கழுத்துக்குள் இரும்புக் கம்பி என்று ஒரு தச்சுப் பாடமே தேவைப்படும். மெல்லிய தந்திகள் மூன்றைப் போட்டு, நான் கீழே சொல்லும் சுருதியில் வைத்தால் மொத்த இழுவை 20 கிலோ அளவில் நின்றுவிடும். ஓர் அங்குலக் கனமுள்ள மரச்சட்டம் இதை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். மூன்று தந்தியில் என்ன வாசிக்க முடியும் என்று கேட்பீர்கள். முதல் தந்தியில் ராகம், மற்ற இரண்டில் சுருதி. சினிமாப் பாட்டின் மெட்டை எடுக்க இது தாராளமாகப் போதும்.

இது ஒன்றும் புதிய யோசனையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சுருட்டு அடைத்து வந்த மரப்பெட்டிகளில் கழி செருகி, கம்பி கட்டி வாசித்தார்கள். அந்நாட்டு உள்நாட்டுப் போரின்போது களத்தில் இருந்து படம் வரைந்த எட்வின் ஃபோர்ப்ஸ், சுருட்டுப் பெட்டிப் பிடில் வாசிக்கும் போர்வீரரைத் தன் செதுக்கோவியம் ஒன்றில் காட்டியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் இதே வேலையை எண்ணெய் டின்னில் செய்து ‘ராம்கி’ என்றார்கள். மடகாஸ்கரின் தேசிய வாத்தியமான ‘வலிஹா’ ஒரு மூங்கில் குழாய். அதற்குத் தந்தி, சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்து எடுத்த இழைகள். காசில்லாத இடங்களில் எல்லாம் வாத்தியம் இப்படித்தான் பிறந்திருக்கிறது.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் நேரத்தை எல்லாம் பெட்டியில் செலவழிக்கிறார்கள்: எந்த மரம், துளை வட்டமா நட்சத்திரமா, வார்னிஷ் எத்தனை கோட். பெட்டி மிகவும் பொறுமையான பொருள். பிஸ்கட் டின்னும் பாடும், பழைய மேசையின் இழுப்பறையும் பாடும். பொறுமையே இல்லாதது தந்தியின் நீளம். அதில் இரண்டு மில்லிமீட்டர் தவறினால் பலாமரத்தில் குடைந்த குடமே இருந்தாலும் வாத்தியம் அபஸ்வரம்தான். கடையில் கிடைக்கும் விளையாட்டுக் கிட்டார்கள் பளபளவென்று இருந்தும் எதற்கும் உதவாமல் போவதற்குக் காரணமும் இதுவே. கவனத்தை எல்லாம் ஸ்கேலுக்கும் பென்சிலுக்கும் கொடுங்கள். மற்றவை மன்னிக்கப்படும்.

அதனால் பெட்டியைத் தேடுவதற்கு முன் ஒற்றைத் தந்தியில் ஒரு சோதனை செய்துவிடுங்கள், மகளே செய்யட்டும். அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதியில் கறுப்பினக் குழந்தைகள் துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியை அவிழ்த்து, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, கம்பிக்கு அடியில் ஒரு பாட்டிலைச் செருகி வாசிப்பார்கள். ‘டிட்லி போ’ என்று அதற்குப் பெயர். ப்ளூஸ் கிட்டார் கலைஞர்கள் பலருக்கு முதல் வாத்தியம் அதுதான். உங்களுக்குச் சுவர் வேண்டாம். மூன்றடிப் பலகை போதும். இரு முனையிலும் ஒவ்வொரு ஸ்குரூ, அவற்றுக்கிடையே ஓர் எஃகுத் தந்தி. ஒரு பக்கம் தந்திக்கு அடியில் போல்ட் ஒன்று, மறுபக்கம் சிறிய கண்ணாடிக் குப்பி. குப்பியை வெளிப்பக்கமாக நகர்த்த நகர்த்தத் தந்தி இறுகும். போல்ட்டைத் தந்தி தொடும் இடத்திலிருந்து குப்பியைத் தொடும் இடம் வரை சரியாக 600 மில்லிமீட்டர் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். குப்பி இருக்கும் முனைக்குக் கீழே ஒரு காலி டின்னைக் கவிழ்த்து வைத்தால் ஓசை அறை முழுக்கக் கேட்கும்.

600 என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸட்ஜம் வரும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம். நான்கில் மூன்றாக்கினால் சுத்த மத்தியமம். ஐந்தில் நான்காக்கினால் அந்தர காந்தாரம். 600 இந்த எண்களால் எல்லாம் மீதியின்றி வகுபடும். போல்ட் முனையிலிருந்து அளந்து பலகையில் பென்சிலால் கோடு போடுங்கள்: 67 மில்லிமீட்டரில் ரி, 120இல் க, 150இல் ம, 200இல் ப, 240இல் த, 280இல் நி, 300இல் மேல் ச. சங்கராபரண ராகம் தயார். இடது கையில் ஒரு சிறிய மருந்துக் குப்பியைப் பிடித்து, தந்தியை அழுத்தாமல் கோட்டுக்கு நேர் மேலே தொட்டபடி வலது கையால் மீட்டினால் ஸ்வரம் வரும். சித்திரவீணைக்காரர்கள் கட்டையை நகர்த்தி வாசிக்கும் அதே முறை இது. கமகமும் தானாகவே கிடைக்கும். வகுப்பில் பின்னங்களைக் கண்டு ஓடும் பிள்ளைகள்கூட இங்கே மூன்றில் இரண்டைக் காதால் கேட்டுச் சரிபார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவேளை மகளின் ஆர்வம் இதோடு தீர்ந்துபோனால், செலவு ஒரு தந்தியோடு முடிந்தது.

ஆர்வம் மிஞ்சினால் மூன்று தந்திப் பெட்டிக்கு வருவோம்.

காசு செலவழிக்க வேண்டியது தந்திக்கும் அதை முறுக்கும் சாவிக்கும்தான். இசைக்கருவிக் கடையில் எலக்ட்ரிக் கிட்டாருக்கான மெல்லிய தந்திகள் என்று கேளுங்கள். கடைக்காரர்கள் ‘பத்தாம் நம்பர் செட்’ என்பார்கள். அதில் மிக மெல்லிய தந்தி 0.010 அங்குலம். அதிலிருந்து மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது தந்திகள் மட்டும் நமக்கு வேண்டும். தனித்தனியாக விற்கிற கடை கிடைத்தால் இன்னும் மலிவு. கட்டடம் கட்டும் இடத்தில் கிடக்கும் கட்டுக்கம்பியைப் பலரும் முயல்கிறார்கள், வேண்டாம். கட்டுவதற்கு வசதியாக அதைச் சூடேற்றி மென்மையாக்கியிருப்பார்கள். முறுக்கினால் நீண்டுகொண்டே போய், நல்ல சுருதியை எட்டும் முன்பே அறுந்துவிடும். தடித்த கம்பியாகப் போட்டால் அறாது என்று நினைப்பதும் தவறு. தடித்த கம்பிக்கு வலு கூடுகிறது, கூடவே எடையும் அதே விகிதத்தில் கூடுகிறது. அதே ஸ்வரத்துக்கு அதை அவ்வளவுக்கு அதிகமாக இழுக்க வேண்டும். ஆகவே ஒரு கம்பி எந்தச் சுருதியில் அறும் என்பதைத் தீர்மானிப்பது அதன் நீளமும் உலோகத்தின் உறுதியுமே; தடிமனுக்கு அதில் பங்கில்லை. கடைக்குப் போக முடியாத நிலையில் பிரேக் கேபிளைப் பிரித்து ஓர் இழையை எடுங்கள். அது கடின எஃகு. தூண்டில் போடும் நைலான் நரம்பும் பாடும். ஓசை தணிந்து இருக்கும், குழந்தைகளின் விரலுக்கு இதமாக இருக்கும். ஆனால் புதிய நரம்பு நாள்கணக்கில் நீண்டுகொண்டே இருக்கும். அதுவரை சுருதி நிற்காது.

சாவிக்கு, மூன்று கிட்டார் டியூனிங் கீ. பழைய உடைந்த கிட்டாரிலிருந்து கழற்றியவை கிடைத்தால் அதுவே சிறந்தது. வீணைக்குப் போடுவதுபோல் மரத்தில் பிரடை (தந்தியைச் சுற்றி முறுக்கும் மரச்சாவி) சீவலாம் என்று ஆசை வரும். பிரடையும் துளையும் ஒரே சரிவில் பொருந்த வேண்டும். அதற்கான கருவி வீட்டில் இருக்காது. பொருந்தாத பிரடை ஒவ்வொரு மீட்டலுக்கும் வழுக்கி, பிள்ளையின் ஆர்வத்தைக் கொல்லும்.

இனி மரம். தண்டுக்கு 90 சென்டிமீட்டர் நீளம், 38 மில்லிமீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சட்டம் வேண்டும். மரச்சாமான் செய்யும் பட்டறையில் கழித்துப் போட்ட தேக்கு அல்லது வேங்கை ரீப்பர் கிடைக்கும்; கேட்டால் சும்மாவேகூடக் கொடுப்பார்கள். எந்த மரம் என்பதைவிட, கணு இல்லாமல் நார் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். சட்டத்தைக் கண்ணோடு சேர்த்துத் துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோல் நீளவாக்கில் பார்த்தால் வளைவும் முறுக்கும் உடனே தெரிந்துவிடும். முறுக்கு இருந்தால் அடுத்த சட்டத்தை எடுங்கள். இழைத்துச் சரிசெய்யலாம் என்று அதனோடு போராட வேண்டாம்.

பெட்டி சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், 18 அகலம், 5 ஆழம் இருந்தால் வசதி. பரிசுப்பொருள் வந்த மரப்பெட்டி, தகர டின், எதுவானாலும் சரி. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஒரு சென்டிமீட்டர் கனத்துப் பலகையில் நான்கு பக்கச் சுவர், மேலும் கீழும் 3 மில்லிமீட்டர் பிளைவுட் ஒட்டி ஒரு மாலையில் செய்துவிடலாம். ஓசையை உண்டாக்குவது மேல்மூடிதான். தந்தி தனியாக மிகக் கொஞ்சம் காற்றைத்தான் அசைக்கும். அதன் அதிர்வு மூடிக்குப் போய், மூடி அசைந்துதான் நமக்குக் கேட்கிறது. ஆகவே மூடி மெல்லியதாக இருக்க வேண்டும். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். ‘டொம்’ என்று சற்று நீடித்தால் நல்லது, ‘டக்’ என்று செத்துப்போனால் மூடியை மாற்றுங்கள். தகர டின் என்றால் ஓசை அதிகம், ஆனால் பாஞ்சோபோல் சட்டென்று வெடித்து அடங்கும். வெட்டிய தகர விளிம்பை அரத்தால் மழுக்காமல் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

தண்டைப் பெட்டியில் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் இந்த வாத்தியத்தின் சூட்சுமம் இருக்கிறது. பெட்டியின் முன்பக்கத்தில் ஒட்டி நிறுத்தக் கூடாது. 20 கிலோ இழுவில் ஒட்டு பிய்ந்துகொள்ளும். தண்டு பெட்டியின் ஒரு சுவரில் நுழைந்து, உள்ளே ஓடி, எதிர்ச்சுவரைத் தாண்டி மூன்று சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தந்தியின் ஒரு முனை தலைப்பக்கம், மறுமுனை இந்த வால்பக்கம். இரண்டும் ஒரே மரத்தில். இழுவு முழுவதும் தண்டோடு போய்விடுகிறது. பெட்டி சும்மா அதன்மேல் உட்கார்ந்து பாடுகிறது. அதனால்தான் பிஸ்கட் டின்கூடப் போதும் என்றேன்.

அளவுகள்: எதிரெதிர்ச் சுவர்களின் மேல்விளிம்பில் 38 மில்லிமீட்டர் அகலம், 22 ஆழத்துக்குப் பள்ளம் வெட்டுங்கள். தண்டில், பெட்டி தொடங்கும் இடத்திலிருந்து வால்வரை மேற்பரப்பை 3 மில்லிமீட்டர் செதுக்கிக் குறையுங்கள். மூடியின் கனம் அதில் அடங்கி, தண்டின் முகமும் மூடியின் முகமும் ஒரே மட்டத்தில் நிற்கும். பிறகு இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட பகுதியை இன்னுமொரு 3 மில்லிமீட்டர் செதுக்குங்கள். இந்த இரண்டாவது செதுக்கலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் மூடி தண்டின் மேல் ஒட்டிப் படுத்துவிடும். அதிர வேண்டிய பலகைக்கு அடியில் கட்டை கொடுத்தாற்போல் ஆகி, ஓசை பாதியாகும். பெட்டியை எங்கே நிறுத்துவது என்றால், குதிரை (மூடியின் மேல் நின்று தந்தியைத் தாங்கும் கட்டை) நிற்கும் இடத்துக்கும் வால்பக்கச் சுவருக்கும் இடையே 8 சென்டிமீட்டர் வரும்படி வையுங்கள். சுவரில் தண்டைப் பெவிகால் போட்டு ஒட்டி, ஓர் இரவு காயவிடுங்கள். மூடியை ஒட்டும் முன் மேல்மூலைகளில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு துளை போட்டுக்கொள்ளலாம்.

தலைப்பக்கம் 12 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தண்டின் முகத்தை ஒரு சென்டிமீட்டர் ஆழம் செதுக்கி, 15 மில்லிமீட்டர் கனமாக்குங்கள். கீ பொருத்துவதற்கும் அந்தக் கனமே சரி. தந்தி மேட்டிலிருந்து கீழே இறங்கிப் போவதால் மேருவின் (தலைப்பக்கத்தில் தந்தியைத் தாங்கும் குறுக்குக் கம்பி; இதிலிருந்து குதிரை வரை 600 மில்லிமீட்டர்) மேல் அழுத்தமாகவும் உட்காரும். அழுத்தம் இல்லாவிட்டால் தந்தி மேருவில் நடுங்கி இரையும். வால்பக்கம் மூன்று துளை, இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில். தந்தியின் குண்டு முனை பின்னால் தங்கிவிடும். மரத்தைக் குண்டு அறுக்காமல் இருக்கச் சிறிய வாஷர் ஒன்று போடலாம்.

மேருவுக்கும், ஸ்வரத்துக்கு ஒன்றாகத் தண்டின் குறுக்கே பதிக்கும் மெட்டுக் கம்பிகளுக்கும் சைக்கிள் ஸ்போக்ஸ். பழைய சைக்கிள் கடையில் கேட்டால் கைநிறையக் கொடுப்பார்கள். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன், எல்லாம் ஒரே அளவு, கடினமான கம்பி. மேருவையும் மெட்டுகளையும் ஒரே கம்பியில் வைப்பதில் ஒரு பெரிய வசதி: உயரம் தானாகவே சமமாகிவிடும், மேருவில் பள்ளம் அறுத்துச் சரிபார்க்கும் நுணுக்க வேலை மிச்சம். தந்திகள் பக்கவாட்டில் நகராமல் இருக்க, மேருவுக்குப் பின்னால் மூன்று சிறு ஸ்குரூக்களைச் சீப்புப் பற்களைப்போல் வரிசையாக வைத்தால் போதும். குதிரைக்கு 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை மூடியின் மேல் குறுக்கே படுக்க வையுங்கள். ஒட்டக் கூடாது, தந்தியின் அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்ளும். போல்ட்டின் மரையில் தந்தி அழகாக உட்காரும். இந்த உயரத்தில் தண்டின் நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். பழகாத விரலுக்கு அது கொஞ்சம் உயரம்தான். 6 மில்லிமீட்டர் போல்ட்டை மாற்றிப் போட்டால் இடைவெளி 2 ஆகும். எது இரையாமல் பாடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்டுகளை உடனே ஒட்டிவிடாதீர்கள். முதலில் பிளாஸ்டிக் கேபிள் டையைத் தண்டைச் சுற்றி இறுக்கி, அதன் தலையைப் பக்கவாட்டில் ஒதுக்கினால் அதுவே தற்காலிக மெட்டு. மேருவின் இடத்திலும் அப்போதைக்கு ஒரு டையையே போடுங்கள். இல்லாவிட்டால் உயரம் ஒத்துவராது. சிதாரில் நூலால் கட்டிய மெட்டை நகர்த்துவதுபோல் இதையும் தள்ளிப் பார்க்கலாம். நகர்த்திப் பார்க்க வேண்டிய அவசியம் நிஜமாகவே இருக்கிறது, ஏனென்றால் மெட்டுகளுக்கு இரண்டு கணக்குகள் உண்டு.

ஒன்று, ஒற்றைத் தந்தியில் போட்ட அதே பின்னக் கணக்கு: 67, 120, 150, 200, 240, 280, 300. மற்றொன்று கீபோர்டும் ஹார்மோனியமும் கிட்டாரும் பின்பற்றும் சமபங்குக் கணக்கு. ச முதல் மேல் ச வரையிலான ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மெட்டிலும் மீதி நீளத்தை 1.0595ஆல் வகுத்துக்கொண்டே போவது. 600 மில்லிமீட்டருக்கு அது 33.7, 65.5, 95.5, 123.8, 150.5, 175.7, 199.5, 222.0, 243.2, 263.3, 282.2, 300 என்று வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஞ்சமமும் மத்தியமமும் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. காந்தாரம், தைவதம், நிஷாதம் மூன்றும்தான் விலகுகின்றன. காந்தாரத்தை எடுத்துக்கொண்டால் அது 120க்கும் 123.8க்கும் நடுவே சண்டை போடுகிறது. அரைஸ்வர இடைவெளியை நூறு பங்காக்கினால் இது 14 பங்கு. சாதாரணக் காதுக்கும் எட்டும். ஸ ப ஸ சுருதி பக்கத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது 120இல் வரும் காந்தாரம் அதோடு கரைந்து நிற்கும், 123.8இல் வருவது சற்று உரசும். அதே சமயம், மகளின் தோழி கீபோர்டோடு வந்து சேர்ந்தால் 120தான் உரசும். என் தேர்வைக் கேட்டால், தனியாக வாசிக்கும் மூன்று தந்திப் பெட்டிக்குப் பின்னக் கணக்குதான். தஞ்சாவூர் வீணையின் மெட்டுகளைக் கணக்குப் போட்டு அடிப்பதில்லை. மெழுகில் பதித்துக் காதால் கேட்டுச் சரிசெய்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அந்த உரிமையைக் காதுக்குக் கொடுங்கள்.

பன்னிரண்டு மெட்டும் போட வேண்டிய கட்டாயம் இல்லை. ரி, க, ப, த, மேல் ச என்று ஐந்து மட்டும் போட்டால் முதல் தந்தி மோகனத்தில் பூட்டப்பட்டுவிடும். எங்கே விரல் வைத்தாலும் தவறான ஸ்வரமே வராது. தொடங்குபவருக்கு இதைவிட ஊக்கம் வேறில்லை. பிறகு ம, நி சேர்த்தால் சங்கராபரணம். 267இல் இன்னொன்று சேர்த்தால் கைசிகி நிஷாதம் கிடைத்து ஹரிகாம்போதியும் கைக்குள் வரும்.

அளக்கும்போது ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: எல்லா மெட்டையும் மேருவிலிருந்தே அளக்க வேண்டும். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அளந்தால் ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் தவறு சேர்ந்து கடைசியில் மூன்று, நான்காகிவிடும். எஃகு ஸ்கேல், கூர்மையான பென்சில், மூலைமட்டம். டெய்லர் டேப் வேண்டவே வேண்டாம். இடம் உறுதியான பிறகு டையைக் கழற்றி, கோட்டின் மேல் முக்கோண அரத்தால் லேசாகக் கீறி, 38 மில்லிமீட்டருக்கு வெட்டிய ஸ்போக்ஸ் துண்டுகளை அரால்டைட் போட்டு ஒட்டுங்கள். வெட்டிய முனைகளை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். காய்ந்தபின் ஸ்கேலை மூன்று மெட்டுகளின் மேல் ஒரே நேரத்தில் படும்படி வைத்தால், நடுமெட்டு உயர்ந்திருந்தால் ஸ்கேல் ஊஞ்சலாடும். ஆடினால் அந்த மெட்டை அரத்தால் தொட்டுத் தணியுங்கள்.

சுருதிக்கு வருவோம். தடித்த தந்தியை ஐந்து கட்டை மந்தர ஸட்ஜத்துக்கும், நடுத்தந்தியைப் பஞ்சமத்துக்கும், மெல்லிய தந்தியை மத்திய ஸட்ஜத்துக்கும் வையுங்கள். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் டியூனர் செயலியில் இவை ஜி, டி, ஜி என்று காட்டும். அதிர்வெண் முறையே 98, 147, 196. அமெரிக்கச் சுருட்டுப் பெட்டிக்காரர்கள் இன்று பரவலாக வைக்கும் சுருதியும் இதே ஜி–டி–ஜிதான். அவர்கள் கிட்டாரின் வழியாக வந்து சேர்ந்த இடம் நம் தம்புராவின் ஸ–ப–ஸ. ஐந்து கட்டை என்பதால் பெண் குரலுக்கும் பொருந்தும். பாட்டு கற்கிற பிள்ளையானால் சுருதிப்பெட்டிக்குப் பதிலாகவும் மீட்டிக்கொள்ளலாம். தந்தியை இறுக்கும்போது முகத்தைக் குனிந்து வைக்க வேண்டாம். அறுந்த எஃகுத் தந்தி கண்ணைத்தான் தேடி வரும். கீயில் மிஞ்சும் நுனியை உடனே வெட்டிவிடுங்கள்.

இப்போது குதிரையின் இடத்தைத் திருத்த வேண்டும். தந்தியை அழுத்தும்போது அது கொஞ்சம் நீள்கிறது, நீண்டால் இறுகுகிறது, இறுகினால் ஸ்வரம் ஏறுகிறது. ஆகவே குதிரை 600இல் நிற்காமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் போக வேண்டியிருக்கும். கண்டுபிடிக்கும் வழி: 300க்கு நேர் மேலே தந்தியை விரலால் மெல்லத் தொட்டு மீட்டி, உடனே விரலை எடுங்கள், மணிபோல் மேல் ஸட்ஜம் கேட்கும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்தியது ஏறிக் கேட்டால் குதிரையை வால்பக்கம் தள்ளுங்கள், இறங்கிக் கேட்டால் தலைப்பக்கம். தடித்த தந்திக்கும் மெல்லிய தந்திக்கும் ஒரே இடம் ஒத்துவராது. போல்ட்டைச் சற்றுச் சாய்வாக, தடித்த பக்கம் பின்வாங்கும்படி வைத்தால் இரண்டும் சமாதானமாகும். சரியான இடம் கிடைத்ததும் மூடியில் பென்சிலால் குறித்துவிடுங்கள். யாராவது தட்டிவிட்டால் குதிரை நகரும்.

இரைச்சல் வந்தால் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு மெட்டில் மட்டும் இரைந்தால் அதற்கு அடுத்த மெட்டு உயரம். எல்லா இடத்திலும் இரைந்தால் குதிரை தாழ்வு. அடியில் ஒரு தீக்குச்சிக் கனத்துக்கு மரச்சீவல் வையுங்கள். எதையும் அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் இரைந்தால் கோளாறு மேருவில்: தந்தி சரியாகப் படியவில்லை. பெட்டியைத் தட்டினாலே கடகடவென்றால் உள்ளே ஏதோ ஒட்டு விட்டிருக்கிறது, அல்லது கீயின் திருகு தளர்ந்திருக்கிறது. புதுத் தந்தி முதல் சில நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும்; அது வாத்தியத்தின் குற்றம் ஆகாது, திரும்பத் திரும்ப ஏற்றினால் நின்றுவிடும்.

ஓசை போதவில்லை என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் பீசோ தட்டு என்று கேளுங்கள். பஸர்களுக்குள் இருக்குமே, அந்தப் பித்தளை வட்டம், மிக மலிவு. மூடிக்கு உட்புறம், குதிரைக்கு அடியில் ஒட்டி, இரண்டு ஒயரையும் ஒரு ஜாக்கில் பற்றவைத்தால் நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகலாம், பேட்டரி தேவையில்லை. இதைச் செய்வதானால் மூடியை ஒட்டும் முன்பே செய்துவிடுங்கள், அல்லது மூடியை ஒட்டாமல் ஸ்குரூவில் நிறுத்துங்கள்.

செலவுக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். பெட்டியும் சட்டமும் ஸ்போக்ஸும் கேட்டு வாங்கியவையாக இருந்தால், தந்தி, கீ, போல்ட், பசை எல்லாம் நீங்கள் சொன்ன தொகைக்குள் அடங்கும். பழைய கீ கிடைக்காமல் புது செட் வாங்க நேர்ந்தால் கொஞ்சம் தாண்டும். அப்போது குறைப்பதானால் பசையிலும் வார்னிஷிலும் குறையுங்கள், தந்தியில் குறைக்காதீர்கள்.

எஃகுத் தந்தி முதல் இரண்டு வாரம் விரல் நுனியை வலிக்க வைக்கும். மகள் அதற்காக ஒதுக்கி வைத்துவிட்டால் மெல்லிய தந்தியை மட்டும் நைலானுக்கு மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், 0.6 மில்லிமீட்டர் தடிமனில் தூண்டில் நரம்பு வாங்கினால் இதே சுருதிக்கு வரும்.